வாட்டம்

சமையலறைத் தரையில் ஒரு செம்புத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கும் பழக்கம் எனக்குச் சில மாதங்களாக ஏற்பட்டிருக்கிறது. பெரும்பாலும் இரவில், வீடு அடங்கிய பிறகுதான் இதைச் செய்கிறேன். பகலில் செய்தால் மனைவி சிரிப்பாளே என்ற கூச்சம் ஒன்று. சிரிக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாளானால் அது அதைவிடக் கஷ்டம் என்ற பயம் இன்னொன்று. தண்ணீர் முதலில் வட்டமாகப் பரவுகிறது. பிறகு எதையோ ஞாபகப்படுத்திக்கொண்டதுபோல ஒரு நாக்கை நீட்டி, மூலையில் சல்லடை பதித்து வைத்திருக்கும் துவாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேற்குச் சுவரை நோக்கி மெல்ல நகர்ந்து, பலசரக்கு அலமாரியின் அடியில் போய் நின்றுவிடுகிறது. காலையில் அந்த இடத்தில் எங்கள் போர்த் தண்ணீரின் உப்பு ஒரு வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கும். தரைக்குக் கொடுக்க வேண்டிய இந்தச் சரிவைத்தான் கொத்தனார்கள் வாட்டம் என்கிறார்கள். 10 அடி நீளத்துக்கு 1 அங்குலம் இறக்கினால் போதும், தண்ணீர் தானே வழி கண்டுகொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. பயிருக்கும் முகத்துக்கும் வருகிற வாட்டமும் இந்த வாட்டமும் எழுத்தில் ஒன்றே. அகராதி இரண்டையும் தனித்தனிப் பொருளாகப் பிரித்து எண் போட்டுவிடும். ஆனால் வடலூரில் குடியிருக்கிறவன் காதுக்கு அந்தப் பிரிவினை அவ்வளவு சுலபத்தில் ஏறுவதில்லை. பயிர் வாடுவதையும் பொறுக்கமாட்டாத ஒருவர் அடுப்பு மூட்டிவைத்துவிட்டுப் போன ஊர் இது.

எங்கள் பழைய சமையற்கட்டு வீட்டுக்குப் பின்னால், நாட்டு ஓடு வேய்ந்து, தனியாகத் தலைகுனிந்து நின்றது. என் தாயார் அதில் முந்திரி விறகை எரித்தார்; நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைக் கட்டியாக்கி லெக்கோ என்ற பெயரில் விற்ற காலத்தில் அதையும் வாங்கி எரித்தார்; லெக்கோவில் புகை இல்லை, ஆகையால் குழம்பில் மணமும் இல்லை என்பது அவர் தீர்ப்பு. 30-12-2011 விடியற்காலையில், பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்த தானே புயல் அந்த ஓடுகளையும் வாரிக்கொண்டு போயிற்று. அதன் பிறகு பல வருஷம் தகரக் கூரையின் கீழே, சித்திரை வைகாசியில் அடுப்பு எது, அறை எது என்று தெரியாத வெக்கையில் என் மனைவி சமைத்தாள். நான் ஓய்வு பெற்றுக் கையில் சிறிது பணம் வந்தபோது, கான்கிரீட் தளம் போட்டு, டைல்ஸ் ஒட்டி, கிரானைட் மேடை வைத்து ஒழுங்காக ஒரு சமையலறை கட்டித் தந்துவிட வேண்டும் என்று தோன்றியது. மூன்று பேரிடம் விலை கேட்டு, மூவரில் குறைவாகச் சொன்னவரை இன்னும் கொஞ்சம் குறைக்கச் செய்து முடித்தேன். மேஸ்திரி, தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறத்தில், என் பேனாவையே வாங்கி நாலு வரி கணக்கு எழுதினார். "அஞ்சே வாரம் சார், ஆறாவது வாரம் பால் காய்ச்சிடலாம்" என்றார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அதன் மறுபக்கத்தில் அன்றைக்குக் கரிநாள் என்று அச்சிட்டிருப்பதைப் பிற்பாடுதான் கவனித்தேன். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, ஆனாலும் கவனித்தேன்.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை பழைய சுவரை இடித்தார்கள். இடிப்பதற்கு மட்டும் ஆள் குறைவே இல்லை. ஆறு பேர் வந்தார்கள், ஒரே நாளில் முடிந்தது. அதற்கப்புறம் தமிழ் வருஷத்தின் அமைப்பையே நான் புதிதாகக் கற்றுக்கொள்ள நேர்ந்தது. ஆடியில் வாசற்கால் வைக்கக் கூடாது. ஆவணியில் முகூர்த்தங்கள் அதிகம், சித்தாள் எல்லாரும் கல்யாணப் பந்திக்கு இலை எடுக்கப் போய்விடுவார்கள். புரட்டாசியில் எம் சாண்ட் லாரி வரவில்லை. ஐப்பசியில் மழை, ஐப்பசியில் மழை பெய்யாத நாட்களில் தீபாவளி. கார்த்திகையில் டைல்ஸ் ஒட்டுகிறவர் மாலை போட்டுக்கொண்டார். மாலை போட்டவரிடம் கோபித்துப் பேசுவது எப்படி? மார்கழியில் ஒரு நல்ல காரியமும் தொடங்கக் கூடாதென்பது எனக்கே தெரியும், மேஸ்திரி சொல்லும்வரை காத்திருக்கவில்லை. இந்தக் காரணங்களில் ஒன்றுகூடப் பொய் அல்ல என்பதுதான் என்னைச் சோர்வடையச் செய்தது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில், கண்டகசோதனம் என்ற நாலாம் அதிகரணத்தில், சாக்குச் சொல்லிக் காலம் கடத்தும் கைவினைஞனுக்குக் கூலியில் கால்பங்கு நஷ்டம், அதற்குமேல் கூலியைப் போல் இருமடங்கு அபராதம் என்று விதித்திருக்கிறது. படித்தபோது ஒரு க்ஷணம் குரூரமான சந்தோஷம் உண்டாயிற்று. ஆனால் அந்தப் பெரியவரும் ஆபத்துக் காலங்களுக்கு விலக்கு வைத்திருக்கிறார். கடலூர் ஜில்லாவில் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் முழுக்க ஆபத்துக் காலம்தான் என்று எந்த மேஸ்திரியும் சுலபமாக வாதிட்டு ஜெயித்துவிடுவார்.

தாமதத்தையாவது சகித்துக்கொள்ளலாம், அதற்கு ஒரு முடிவு உண்டு. வேலையின் பழுதோ முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. எங்கள் பக்கத்தில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குவார்கள். விரலை மடக்கித் தட்டினால் உள்ளே காற்று பேசுவதுபோல ஆழ்ந்த ஓசை வந்தால் கனிந்திருக்கிறது என்று அர்த்தம். அதே ஓசை சுவரில் பதித்த டைல்ஸிலிருந்து வந்தால் பின்னால் சாந்து பிடிக்கவில்லை, பொள்ளல் என்று அர்த்தம். ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக்கொண்டு நான் சுவர் முழுவதையும் தட்டிப் பார்த்தேன். கனிந்த பலாத் தோப்பு ஒன்றுக்குள் நிற்பதுபோல இருந்தது. பூச்சு வேலை முடிந்த மறுநாள் மட்டும் ஒருமுறை தண்ணீர் தெளித்தார்கள். கான்கிரீட்டை ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டிய காலம் சாதாரண சிமெண்டுக்கு 7 நாள், கலப்புச் சிமெண்டுக்கு 10 நாள், வறண்ட வெயிற்காலத்தில் எந்தச் சிமெண்டானாலும் 10 நாளுக்குக் குறையக் கூடாது என்று இந்தியத் தரநிர்ணய விதி 456 சொல்லுகிறது. பூச்சும் அதே சிமெண்டுதானே என்று நான் சொல்லியபோது மேஸ்திரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "அது போகப்போகச் சரியாயிடும் சார்" என்றார். சிமெண்ட் தண்ணீரைக் குடித்துத்தான் இறுகுகிறது. தாகத்தோடு விட்டால் மேலே மேலே மாவாக உதிர்கிறது. எங்கள் கிழக்குச் சுவரில் கையை வைத்துத் தேய்த்தால் திருநீறு மாதிரி வருகிறது. சிங்க்கின் கீழ் அலமாரிக் கதவுக்குத் தண்ணீர் பட்டாலும் கெடாத மரைன் பலகை என்று விலை பேசியிருந்தோம். கார்த்திகை மழையின் ஈரத்துக்கே ஊறவைத்த அவல்போல அது விளிம்பில் பொங்கிவிட்டது. கடப்பைக் கல் தட்டு ஒன்று இடப்பக்கம் தாழ்ந்திருப்பதால் உருண்டையான எதையும் அதன்மேல் வைக்க முடியாது. தேங்காய்கள் தாமாகவே ஓரிடத்தில் கூடிக்கொள்கின்றன. ரசமட்டம் எல்லாரிடமும் இருந்தது. மஞ்சள் நிறத்தில் புதிதாக, ஒரு சாக்குப் பைக்குள், கரணைக்கும் தூக்குக்குண்டுக்கும் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. ஏழு மாதத்தில் அதை வெளியே எடுத்து நான் பார்த்ததில்லை.

மேடையின் உயர விஷயம் தனி. அதில் மேஸ்திரிமேல் குற்றமில்லை என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு வெகுநாள் பிடித்தது. "மேடை எவ்ளோ ஒசரம் சார் வைக்கலாம்?" என்று அவர் ஒரு காலை வேளையில் என்னைத்தான் கேட்டார். நான், ஆயுளில் ஒருநாளும் உலை வைத்தறியாதவன், என் இடுப்பைக் கையால் தொட்டுக் காட்டி, "இவ்வளவு" என்றேன். பத்தடி தூரத்தில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்; ஒன்றும் சொல்லவில்லை. அவள் என்னைவிட ஒரு சாண் குட்டை. இப்போது குக்கரைத் திறக்க ஒரு மரப்பலகையின்மேல் ஏறி நிற்கிறாள். 1926இல் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வகுத்தார்; 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம், எந்தப் பாத்திரத்துக்கு எத்தனை அடி நடக்க வேண்டும் என்பதையெல்லாம் கடிகாரம் வைத்து அளந்து அமைத்தது; ஏறக்குறைய 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். உலகத்தின் இன்றைய மேடைச் சமையலறைகள் எல்லாவற்றுக்கும் அதுவே தாய் என்பார்கள். தமக்குச் சமையல் பழக்கமே இல்லாமல்தான் அதை வரைந்ததாக அந்த அம்மையாரே பிற்காலத்தில் சொன்னார். ஆனால் தெரியாது என்று தெரிந்திருந்ததால் அவர் அளந்தார். நான் அளக்கவில்லை, கேட்கவுமில்லை. கேட்க வேண்டியவள் பத்தடி தூரத்தில் இருந்தாள்.

வேலை நடந்த அந்த மாதங்களில் தாழ்வாரத்தில் ஒற்றை அடுப்பை வைத்துக்கொண்டு எப்படியோ சமாளித்தோம். சாரல் அடித்து அடுப்பு அணையும் நாட்களில் நான் மட்டும் தருமச்சாலைக்கு நடந்துவிடுவேன். 23-5-1867 அன்று வள்ளலார் தொடங்கிவைத்த அந்தச் சாலையில் அவர் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிந்துகொண்டிருக்கிறது. பார்வதிபுரத்தார் கொடுத்த 80 காணி நிலத்தில், சாதி குலம் கேளாமல், பசி ஒன்றையே கேட்டுச் சோறு போடுகிறார்கள். பிறந்து வளர்ந்த ஊர்க்காரனாகிய நான் தைப்பூசக் கூட்டத்தில் அங்கே சாப்பிட்டதுண்டு. சாதாரண நாளில், பசிக்காகப் போனதில்லை. முதல் நாள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த கிழவர் வெறும் இலையையே ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானோ கிரானைட் வரவில்லை என்ற குறையோடு அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். சோறு தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை என்னவென்றால், நன்றாக இறங்கிற்று, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். கை கழுவிவிட்டு அடுப்பின் பக்கம் போய் நின்றேன். நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக எரிகிற நெருப்பு என்கிறோமே, அதில் பழையது எது? விறகு இன்று காலையில் வந்தது. சாம்பல் நேற்றையது, அதையும் அள்ளிவிடுகிறார்கள். அரிசி யாரோ ஒரு அன்பர் போன வாரம் கொண்டுவந்து இறக்கியது. கட்டை எரிந்து பின்வாங்கும்போது அதை ஒரு முழம் உள்ளே தள்ளிவிடுகிற ஒரு கை மட்டும்தான் அங்கே நூற்றைம்பது வருஷமாக இருக்கிறது; அந்தக் கைக்கு உரியவர் எத்தனையோ முறை மாறியிருக்கிறார். அவர்களில் யாராவது ஒருவர், ஒரே ஓர் இரவு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று துண்டை விரித்துப் படுத்திருந்தால் தீர்ந்தது. ஆனால் அப்படிப் படுக்கத் தோன்றாததற்குக் காரணம் தருமசிந்தை மட்டுந்தானா என்று எனக்குச் சந்தேகம். தள்ளிய கட்டையை மறுநாள் அவரே பார்க்க வேண்டும், அந்த நெருப்பில் வெந்த சோற்றை அவரே தின்ன வேண்டும். என் வீட்டுச் சுவரைப் பூசியவர் அதைத் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. என் மேடையில் வெந்த குழம்பு அவர் இலையில் விழப்போவதில்லை. தான் செய்ததோடு கூட வாழவேண்டிய நிர்ப்பந்தம் இல்லாத இடத்தில் சிரத்தை எங்கிருந்து வரும்? இந்த ஒப்புமை எனக்கே முழுத் திருப்தி தரவில்லை. அங்கே நடப்பது தருமம். இங்கே நடப்பது கூலி. தருமத்தின் தராசில் கூலிக்காரரை ஏற்றி எடை போடுவது நியாயமல்ல, அதிலும் அவர் கூலியைக் குறைத்தவனே போடுவது.

ஏனென்றால் மேஸ்திரியின் பொருளாதாரம் எனக்கு மெதுவாகத்தான் விளங்கிற்று. அவருக்கு ஒரே சமயத்தில் நாலு வீடு. நாலாவது வீட்டில் வாங்கும் அட்வான்ஸில்தான் முதல் வீட்டுக்கு டைல்ஸ் வரும். ஐந்தாவது வீடு கிடைத்தால்தான் நாலாவதில் தளம் போட முடியும். நான் கொடுத்த பணம் குறிஞ்சிப்பாடியில் எவர் வீட்டிலோ மாடிப்படியாக நிற்கிறது. என் கிரானைட் நெல்லிக்குப்பத்தில் ஒரு கிருகஸ்தர் கொடுத்த பணம். அவரும் இந்நேரம் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ரிங் போவுது, எடுக்க மாட்டேங்கிறான்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனால் ஒரு சங்கிலியின் கண்ணிகள். விலையைக் குறைத்தபோது நான் பேரத்தில் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். குறைத்த தொகையை அவர் எங்கிருந்து எடுத்தார்? கண்ணுக்குத் தெரிகிற கிரானைட்டின் பளபளப்பிலிருந்தா எடுப்பார்? தெரியாத இடங்களிலிருந்து எடுத்தார்: சாந்தில் அரைப் பங்கு சிமெண்ட், பூச்சுக்கு விட வேண்டிய பத்து நாள் ஈரம், வாட்டம் பார்த்து நூல் கட்ட ஆகும் ஒரு மணி நேரம். அவற்றுக்கு நான் பணம் கொடுக்கவில்லை என்பதுதான் விஷயம்.

கோபம் தணியாத நாட்களில் நுகர்வோர் ஆணையத்துக்கு ஒரு மனு எழுதத் தொடங்கினேன். வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே, அதில் குறை நேர்ந்தால் நஷ்டஈடு கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1993இலேயே லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் தீர்த்துச் சொல்லியிருக்கிறது. 2019ஆம் வருஷத்துச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்துகொள்ளலாம். கடலூருக்குப் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். மனுவை நன்றாகவே எழுதினேன், எழுதத் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் ஓர் அரசு அலுவலகத்தில் மனுக்களைப் படிப்பதே என் உத்தியோகம். மூன்றாவது பத்தியில், 'பலமுறை நேரில் சென்றும் நாளை நாளை என்று அலைக்கழிக்கப்பட்டேன்' என்று எழுதிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. அந்த வாக்கியம் என்னுடையதல்ல. நீல மசியிலும் பென்சிலிலும், கூலிக்கு எழுதிக் கொடுப்பவரின் சாய்ந்த கையெழுத்திலும், எழுத்துப் பிழையோடும் இல்லாமலும் அதை ஆயிரம் தடவை படித்திருக்கிறேன். படித்து, ஓரத்தில் தேதி போட்டு, அடுக்கில் வைத்திருக்கிறேன். விதவை உதவித்தொகைக்காக மஞ்சள் பையோடு வந்த ஒரு கிழவிக்கு ஒரு முத்திரை குறைகிறது என்று சொல்லி ஏழு நடை வரச்செய்தோம். நான் கை நீட்டியதில்லை. அந்தக் கர்வம் எனக்கு உண்டு, இன்றும் உண்டு. ஆனால் "நாளைக்கு வாங்கம்மா" என்று நான் சொன்ன தொனி, மேஸ்திரி "நாளைக்கு ஆள் வந்துரும் சார்" என்று சொல்கிற தொனியேதான்; அதில் வஞ்சகம் கிடையாது, அந்த நிமிஷத்தில் அது மெய்யாகவே நம்பிச் சொல்லப்படுகிறது. அவள் ஏறி இறங்கிய படிகளில் நான் ஒருநாளும் ஏறி இறங்கியதில்லை. என் மேஜைக்கு இந்தப் பக்கம் தரை சரியாகத்தான் இருந்தது. மனு அலமாரியில் கிடக்கிறது. வாபஸ் வாங்கியதாகவும் சொல்ல மாட்டேன், அனுப்பப் போகிறேன் என்றும் சொல்ல மாட்டேன்.

தை பிறந்து எப்படியோ பால் காய்ச்சினோம். தைப்பூசத்தன்று, வழக்கம்போல ஊர் கொள்ளாத கூட்டம். ஏழு திரை நீக்கிக் காட்டும் ஜோதியைப் பார்க்கச் சனங்கள் விடியற்காலையிலிருந்தே பெருவெளியை நிறைத்திருந்தார்கள். 1872இல் இதே தைப்பூசத்தில்தான் ஞானசபை முதலில் திறந்தது. மதியம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டுப் பார்த்தால் மேஸ்திரி, சம்சாரத்தோடும் ஒரு பெண் குழந்தையோடும் நின்றார். தரிசனத்துக்கு வந்தாராம், அப்படியே மீதிப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "பசியோட இருப்பீங்க, மொதல்ல சாப்பிடுங்க" என்று குழந்தையைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்விட்டாள். அவர் கூடத்தில் தயங்கி நின்று, பிறகு சமையலறையிலேயே, அவர் போட்ட தரையிலேயே, இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். முருங்கைக்காய் சாம்பார், வாழைக்காய்ப் பொரியல். பலகையின்மேல் ஏறி நின்று அவள் குக்கரைத் திறப்பதை அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்ததை நான் பார்த்தேன். குழந்தை தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டது. நாங்கள் ஐந்து பேரும் ஒன்றும் பேசாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வட்டமாகப் பரவிற்று, நாக்கு நீட்டிற்று, மேற்கே திரும்பிற்று. மேஸ்திரி சோற்றுக் கையை மடக்கிக்கொண்டு, இடக்கையின் உள்ளங்கையால் அந்தத் தண்ணீரை மெல்லத் துவாரத்தின் பக்கம் தள்ளினார். சிறிது தூரம் போய் அது திரும்பி வந்தது. மறுபடியும் தள்ளினார். பிறகு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்து, "இந்த எடத்துல ரெண்டு கல்ல எடுத்துட்டுப் போட்டாச் சரியாயிடும்மா, வர்ற வாரம் ஆள அனுப்புறேன்" என்றார்.

"அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு அவள் அவருக்கு ரசம் ஊற்றினாள்.